ஒருபுறம் சாயும் ஜீப்பு வண்டி: காரணமும் பரிகாரமும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கான பிரசங்கம்)



மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுகிறவன் முன்பாரம், பின்பாரம் பார்த்து ஏற்றுகிறான். பாரம் ஒருபக்கம் ஒதுங்கினால் மாட்டின் கழுத்தும் அச்சும் கெடும் என்பது அவனுக்குத் தெரியும். அவ்வளவு கவனம் மோட்டார் வண்டிக்குச் செலுத்தப்படுவதில்லை. உரமூட்டையும் விதைநெல்லும் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரையிலும் வரப்போரத்திலும் ஓடும் ஜீப்பு ஒருபுறம் சாய்ந்து நின்றால், "பழைய வண்டி, அப்படித்தான் நிற்கும்" என்று விட்டுவிடுகிறார்கள்; அல்லது தாழ்ந்த மூலையின் கமானை உடனே மாற்றிப் பொதுப்பணத்தை வீணாக்குகிறார்கள். இரண்டும் தவறு. ஒடிந்த கமானோடு ஓடும் வண்டி கரைமேல் திரும்பும்போது கவிழவும் கூடும்.

அண்ணனூரில் இவ்விஷயம் புதிதன்று. அங்குள்ள ரயில்வே பணிமனையில் புறநகர் மின்சார ரயில்கள் பராமரிக்கப்படுகின்றன. பக்கத்திலுள்ள ஆவடியில் 1961ஆம் வருஷம் கனரக வாகனத் தொழிற்சாலை ஏற்பட்டது. அங்கே உருவான விஜயந்தா டாங்கியை முறுக்குக் கம்பிகள் தாங்கின. பின்வந்த அர்ஜுன் டாங்கியை வாயுவும் எண்ணெயும் அடைத்த தாங்கிகள் தாங்குகின்றன. சாதனம் எதுவாயினும் இருபுறமும் பாரத்தைச் சரியாகத் தாங்கவேண்டும் என்னும் நியமம் ஒன்றே.

பழைய ஜீப்பைத் தாங்குபவை நான்கு கமான்கள். ஒவ்வொன்றும் பல எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் ஒரு போல்ட்டால் கோத்து, யூ போல்ட்டுகளால் அச்சோடு பிணைத்ததாகும். யுத்த காலத்தில் 1941 முதல் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்புகளில் சாரதியின் ஆசனமும் அதன் கீழ்ப் பெட்ரோல் தொட்டியும் இடப்புறத்தில் இருந்தன. ஆகையால் முன்புற இடக்கமானும் வலக்கமானும் ஒரே மாதிரியாகச் செய்யப்படவில்லை. இடப்புறத்திற்கு ஒரு துணைக்கமானும் சேர்க்கப்பட்டது. இதிலிருந்து அறியவேண்டியது யாதெனில், சில வண்டிகளில் இடவலக் கமான்கள் வேறுவேறானவை. அவற்றை மாற்றிப் பூட்டினாலே வண்டி சாயும். இந்தியாவில் 1947இல் மகீந்திரா கம்பெனியார் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கினர். இந்நாட்டில் சாரதி வலப்புறம் அமர்வதால், பெரும்பாலும் தனியாளாக ஓட்டும் வண்டியில் வலக்கமானே முதலில் தளர்வதுண்டு.

பரீக்ஷை செய்யும் முறை வருமாறு. முதலில் வண்டியைச் சமதளமான சிமெண்டுத் தரையில் நிறுத்திச் சாமான்களை இறக்கவேண்டும். நான்கு டயர்களும் ஒரே அளவுள்ளவையா, ஒவ்வோர் அச்சிலும் இருபுறமும் காற்று சமமாக உள்ளதா என்று பார்க்கவேண்டும். காற்றுக் குறைவே சாய்வுக்குக் காரணமாயிருப்பதும் உண்டு. பின் வண்டியைச் சிறிது முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலைகளையும் அமுக்கி விட்டால் கமான்கள் இயல்பான நிலைக்கு வரும்.

அடுத்து, சட்டத்தின் அடிவிளிம்பிலிருந்து அச்சின் மேற்புறம் வரை நான்கு இடங்களிலும் அளந்து எழுதவேண்டும். மட்கார்டிலிருந்து அளந்தால், அது நெளிந்திருக்குமாயின் கணக்குத் தவறும். உதாரணமாக, முன்புறம் இடம் 17 செ.மீ., வலம் 15 செ.மீ.; பின்புறம் இடம் 19, வலம் 17 என வைத்துக்கொள்வோம். குறை முன்னா, பின்னா? இவ்வளவுகள் அதைச் சொல்லமாட்டா. சட்டம் விறைப்பானது; ஒரு மூலை தளர்ந்தால் முன்னும் பின்னும் சேர்ந்தே சாயும். அநேகர் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

இதற்கு ஓர் எளிய உபாயம் உண்டு. முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுத்துவிட்டு, பின்புறக் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஜாக்கி வைத்து, பின்சக்கரங்கள் தரையை விடும்வரை உயர்த்தவேண்டும். கைப்பிரேக்கு பின்சக்கரங்களையே பிடிப்பதால், அவை தரையை விட்டபின் அதனை நம்பலாகாது. வண்டியின் கீழ் ஒருவரும் புகவும் கூடாது. இப்போது பின்கமான்களின் வேலை நின்றுவிட்டது. முன்புற அளவுகள் இரண்டும் ஏறக்குறைய 16 ஆகிவிட்டால் முன்கமான்கள் குற்றமற்றவை, பழுது பின்புறத்திலே. 17, 15 என்றே நின்றால் முன்புறத்தைப் பார்க்கவேண்டும்.

பழுதுள்ள அச்சு தெரிந்தபின் மண்ணைக் கழுவி, நடுப்போல்ட்டின் அருகே பட்டை ஒடிந்திருக்கிறதா, யூ போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா, ஷாக்கிள் துருவேறி அசையாமல் நிற்கிறதா, புஷ்கள் தேய்ந்தனவா, சட்டம் வளைந்துளதா என்று வரிசையாகப் பார்க்கவேண்டும். நடுப்போல்ட்டு முறிந்தால் அச்சு இடம்பெயரும். அவ்வண்டியை ஓட்டவே கூடாது. ஷாக் அப்சார்பர் துள்ளலை அடக்குமேயன்றிப் பாரத்தைத் தாங்காது. சாய்வுக்காக அதை மாற்றுவதில் பயனில்லை.

பரிகாரம் என்ன? கமான் தளர்ந்திருந்தால் அதே அச்சின் இரு கமான்களையும் சேர்த்தே மாற்றவேண்டும், அல்லது கமான் பட்டறையில் சேர்த்தே வளைவு ஏற்றவேண்டும். ஒன்றைமட்டும் புதிதாக்கினால் சாய்வு மறுபுறம் திரும்பும். ஒடிந்த பட்டைக்கு வெல்டிங் வைப்பதும், காஸ் தீயில் பழுக்கக் காய்ச்சி வளைப்பதும் எஃகின் பதத்தை அழிக்கும். யூ போல்ட்டுகளைப் புதிதாகவே போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்கவேண்டும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டியின் முழுப்பாரமும் சக்கரங்களின்மேல் நிற்கும்போதே இறுதியாக இறுக்கவேண்டும். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் புஷ்கள் முறுக்குண்டு சீக்கிரம் கிழியும்.

சங்கத்தின் வண்டி தனி ஒருவருடைய சொத்தன்று. பல குடும்பங்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப்பணம் அதில் அடங்கியிருக்கிறது. ஆகவே மூன்று மாதத்துக்கொருமுறை அந்த நான்கு அளவுகளையும் எடுத்து, வண்டிப் புஸ்தகத்தில் தேதியிட்டு எழுதிவருவது காரியதரிசியின் கடமையாயிருக்கட்டும். பாரத்தை இருபுறமும் சமமாய் ஏற்றுவது சாரதியின் கடமையாயிருக்கட்டும். ஓர் அளவுநாடாவும் கால்மணி நேரமும் போதும். பட்டறைக்குச் செல்லுமுன்பே எந்த அச்சைப் பிரிக்கவேண்டும் என்பது சங்கத்துக்குத் தெரிந்திருக்கும்.