சம்பளம் உயர்ந்தால் சாதி போய்விடுமா?

(மென்பொருள் வேலை குறித்துக் கல்லூரி மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"ஐ.டி. வேலைக்குப் போகலாமா, வேண்டாமா?" என்று உங்களில் பலர் கேட்கிறீர்கள். போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் நன்மையைப் பேசுவோம். ஊரில் நிலம் வைத்திருப்பவரிடம்தான் கூலிக்குப் போக வேண்டும். கூடுதல் கூலி கேட்டால் பகை, கடன் கேட்டால் அடிமை. அந்தப் பிடியிலிருந்து ஒரு குடும்பமே வெளியேற, மாதா மாதம் வங்கியில் விழும் சம்பளம் உதவுகிறது. தங்கை படிக்கிறாள். கூரை வீடு மாறுகிறது. "கார்ப்பரேட் கூலி" என்று இதை ஏளனம் செய்பவர்களுக்கு அந்தக் கூரையின் ஒழுகல் தெரியாது.

இந்த வாய்ப்பை நிறுவனங்கள் மனமிரங்கிக் கொடுக்கவில்லை. 69 விழுக்காடு இடஒதுக்கீடு, 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்த பொறியியல் நுழைவுத் தேர்வு, முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை இவையெல்லாம் நம்மைக் கல்லூரிக்குள் கொண்டுவந்தன. ஆனால் அந்த 69 விழுக்காடு கேம்பஸ் இன்டர்வியூ அறைக்கு வெளியே நின்றுவிடுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 16(4)ஆவது பிரிவு அரசுப் பணிகளுக்கு மட்டும்தான். தனியார் நிறுவனத்தில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று கேட்கக்கூட வழியில்லை.

"கோடிங்குக்கு சாதி கிடையாது" என்பார்கள். நூற்றாண்டுக்கு முன் பம்பாய் மில்களிலும் எந்திரத்துக்குச் சாதி கிடையாதுதான். ஆனால் நல்ல கூலி தரும் நெசவுப் பிரிவில் தலித் தொழிலாளர்களுக்கு இடமில்லை. நாடாவில் நூலை வாயால் உறிஞ்சிக் கோக்க வேண்டும், எச்சில் பட்டால் தீட்டு என்றார்கள். ஆள் எடுத்தது ஜாபர் எனப்பட்ட மேஸ்திரி. அவர் தன் உறவிலும் ஊரிலும் இருந்து ஆள் கொண்டுவந்தார். இன்று ஐ.டி. கம்பெனியில் அதற்கு "ரெஃபரல்" என்று பெயர். தெரிந்தவர் தெரிந்தவரைக் கொண்டுவருகிறார். நமக்குத்தான் உள்ளே தெரிந்தவர் இல்லை.

கடல் தாண்டினாலும் இதே கதை. கலிஃபோர்னியாவில் சிஸ்கோ நிறுவனத்தின் மீது 2020இல் அந்த மாநில அரசு அமைப்பே வழக்குத் தொடுத்தது. தலித் பொறியாளர் ஒருவர் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை, அதே ஐ.ஐ.டி.யில் படித்த மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொல்லிவிட்டார் என்பது புகார். நிறுவனம் அதை மறுத்தது. அதிகாரிகள் இருவர் மீதான வழக்கு 2023இல் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் அந்த வழக்குக்குப் பிறகு அமெரிக்காவில் சாதி பற்றிப் பொதுவெளியில் கூடுதலாகப் பேச வேண்டியதாயிற்று. 2023இல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. கலிஃபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவையோ ஆளுநர் நிராகரித்தார்.

அடுத்தது, வேலை நிரந்தரமில்லை. அப்ரைசலில் ஒரு எண் குறைந்தால் பெஞ்ச், பிறகு "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள்" என்ற பேச்சு. அப்பாவின் சொத்து இருப்பவர் ஆறு மாதம் தாக்குப்பிடிப்பார். கல்விக் கடனும் வீட்டுக் கடனும் சுமக்கும் முதல் பட்டதாரி மறுநாளே தடுமாறுவார். அந்தப் பயத்தாலேயே அவர் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறார், அவமானத்தையும் விழுங்குகிறார்.

என்ன செய்யலாம்? ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கச் சட்டத்தில் தடையில்லை. தமிழ்நாடு அரசே 2016இல் இதைத் தெளிவுபடுத்தியது. சேருங்கள். ராஜினாமா கேட்டால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். எழுத்தில் கேளுங்கள், மின்னஞ்சல்களைப் பாதுகாத்து வையுங்கள். உள்ளே போனதும் உங்கள் கல்லூரித் தம்பி தங்கைகளுக்கு ரெஃபரல் கொடுங்கள். தனியார் துறை இடஒதுக்கீட்டுக் கோரிக்கையை ஐ.டி. ஊழியராகவே நின்று பேசுங்கள்.

1938இல் மன்மாடில் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசிய அண்ணல் அம்பேத்கர், பார்ப்பனியம், முதலாளியம் இரண்டுமே தொழிலாளிக்கு எதிரி என்றார். ஏ.சி. அறையில் உட்கார்ந்திருப்பதால் இரண்டில் ஒன்றுகூட நம்மை விட்டுவிடாது. சம்பளத்தை வாங்குங்கள், வீட்டை நிமிர்த்துங்கள், சங்கத்துக்கும் சந்தா கட்டுங்கள்.