சுமையைச் சமமாகப் பகிரும் இரு இன்வேட்டர்கள்



தம்புள்ளை, கலேவெலைப் பகுதிகளிற் சூரிய மின்னையும் மின்கலத்தையும் கொண்டு கிணற்று நீரை இறைப்போர், ஓர் இன்வேட்டர் போதாதவிடத்து இரண்டை இணைக்க எண்ணலாம். ஒரே நுகத்திற் பூட்டிய எருதுகளில் ஒன்று முந்தினாற் சுமை அதன் கழுத்திலேயே விழும். அவ்வாறே, மின்னழுத்தம் சற்று உயர்ந்த இன்வேட்டர் பெருஞ்சுமையைத் தாங்கிச் சூடேறி நிற்கும். பின் மற்றதும் நிற்கும். நெற்கதிர் வெளிவரும் வேளையில் நீர் தடைப்பட்டால் விளைவு குன்றுமன்றோ?

1976 இல் தொடங்கிய உக்குவளை நீர்மின் நிலையத்திலும் இரு இயந்திரங்கள் ஒத்தியங்கியே மின் தருகின்றன.

ஆகவே, இணைப்பதற்கென்றே ஆக்கப்பட்ட, ஒரே வகையும் வலுவுமுடைய இன்வேட்டர்களையே வாங்குங்கள். மின்கலத்திலிருந்து இரண்டிற்கும் சம நீளமும் சம தடிப்புமுள்ள கம்பிகளை இடுவியுங்கள். மோட்டர் புறப்படுகையிற் பன்மடங்கு மின்னை இழுக்கும். அதற்கும் இடம் விடுங்கள். இணைப்பு வேலையைத் தேர்ந்த மின்வேலையாளரிடமே ஒப்படையுங்கள்.