பிள்ளைக் கணக்கும் கூலிக் கணக்கும்

(காஞ்சீபுரம் நெசவாளர் தெருவில் ஆற்றிய உரை)



"ஏழைகள் பிள்ளைகளைப் பெற்றுக் குவிக்கிறார்கள், அதனால்தான் வறுமை" என்று மாடிவீட்டுக்காரர்கள் உபதேசம் செய்கிறார்கள். நாம் கேட்கிறோம்: பிள்ளையால் வறுமை வந்ததா, வறுமையால் பிள்ளை வந்ததா?

இங்கே பிள்ளையார்பாளையத்துத் தறியைப் பாருங்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடா வேண்டும். நெய்கிறவருக்கு இருப்பதோ இரண்டே கை. கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். நெடுங்காலம் அங்கே உட்கார்ந்தது குழந்தை! முதலாளியிடம் வாங்கிய முன்பணத்துக்கு அந்தப் பிஞ்சுக் கையும் அடமானம். கழனியில் மாடு மேய்த்த பிள்ளையின் கதையும் இதுவே. அந்த வீடுகளில் பிள்ளை என்றால் வாய் மட்டுமல்ல, வேலைக்கு இரண்டு கை. பிறந்ததில் எத்தனை தங்கும் என்பதும் தெரியாது.

இந்தக் கணக்கை மாற்றியது எது? உபதேசமா? இல்லை! 1956-ல் பள்ளியில் மதிய உணவு வந்தது. 1982-ல் சத்துணவு வந்தது. பிள்ளை தறியை விட்டுப் பள்ளிக்குப் போயிற்று. 1992-93-ல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 68 ஒரு வயதுக்குள் மாண்டன. 2019-21-ல் அது 19. தாய்க்கு நம்பிக்கை பிறந்தது. ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளை 2.5-லிருந்து 1.8 ஆகக் குறைந்தது.

நாடு முழுவதும் இதே பாடந்தான். 2019-21 கணக்கெடுப்பின்படி, பள்ளியே காணாத பெண்களுக்குச் சராசரி 2.8 பிள்ளை, பன்னிரண்டு வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8. மிக ஏழைக் குடும்பங்களில் 2.6, மிக வசதியான குடும்பங்களில் 1.6.

ஆனால் தோழர்களே, நம் வீட்டையும் பார்ப்போம். பாவு புணைவதும் தார் சுற்றுவதும் பெண்கள். கூலியோ கணவன் கையில்! தன் உழைப்புக்குத் தன் கையில் காசு காணாதவளின் பேச்சு வீட்டில் எடுபடுமா? கருத்தடையும் அவள் தலையில்தான். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் அறுவை செய்துகொண்டவர்கள். ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. இது நமக்கு வெட்கமில்லையா?

ஆகவே நாம் கேட்பது இது: தார் சுற்றும் பெண்ணுக்குத் தனிக் கூலி, அவள் கையிலேயே! பள்ளி விட்டபின் குடும்பத் தொழிலில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று 2016-ல் சட்டத்தில் வைத்த ஓட்டையை அடைக்க வேண்டும்! பெண்பிள்ளை பன்னிரண்டு வரை படிக்க வேண்டும்!

எத்தனை பிள்ளை என்பதை சர்க்காரும் சொல்ல வேண்டாம், மாமியாரும் சொல்ல வேண்டாம். பெறுகிறவள் சொல்லட்டும். அவள் சொல்லும் நிலையை உண்டாக்குவது நம் சங்கத்தின் வேலை!