வண்டியைத் தாழ்த்தும் அளவு

மோட்டார் வண்டியைத் தாழ்த்தினால் அது வளைவுகளிற் சரியாது என்பது பலர் கொண்ட நம்பிக்கை. அஃது ஓரளவிற்கே உண்மை.

சிறு வண்டிகள் பலவற்றின் முன்சில்லுகளைத் தாங்குவது, அமெரிக்கப் பொறியியலாளரான ஏர்ள் மக்பர்சன் வகுத்த தூணமைப்பு. சுருள்வில்லும் அதிர்வுதாங்கியும் ஒருங்கே அமைந்த தூண் அது. அத்தகைய வண்டியை அளவுமீறித் தாழ்த்தினால், சில்லைப் பிணைக்கும் கீழ்க்கை வெளிப்புறமாக மேனோக்கிச் சாயும். அப்போது வண்டியின் ஈர்ப்புமையம் இறங்குவதிலும் அதிகமாக, வண்டி சரியும் அச்சு இறங்கிவிடும். வில்லின் வலிமை மாறாதிருப்பின், வண்டி முன்னிலும் மிகுதியாகச் சரியும்.

ஆதலால், உயரத்தைத் திருத்தத்தக்க தூணைத் தெரிவோர் அதன் இருவகைகளையும் அறிதல் வேண்டும். ஒன்றில், புரியிட்ட வளையத்தைத் திருக வில்லின் இருக்கை மட்டுமே நகரும். வண்டி தாழுந்தோறும் அதிர்வுதாங்கி அமிழும் தூரமும் குறையும். பள்ளத்தில் விழுந்தால் அடி முட்டும். மற்றதில் தூணின் அடிப்பகுதி தனியே நகர்வதால் அத்தூரம் குறையாது. பழுதுற்ற தெருக்களுக்கு இதுவே உகந்தது.

எதைத் தெரிந்தாலும், பெரும்பாலும் 2 அல்லது 3 சென்ரிமீற்றர் தாழ்ச்சியே போதும். அதன்பின் சில்லுகளின் நேர்மையையும் முன்விளக்குகளின் நோக்கையும் சரிபார்த்தல் இன்றியமையாதது. அழகிற்காகத் தாழ்த்தப்படும் வண்டியும் ஆட்களை ஏற்றியே ஓடுகிறது.