நீரிழிவு நோயாளியும் அயலாரும்



நீரிழிவைப் பற்றியும் அதற்குரிய மருந்துகளைப் பற்றியும் வைத்தியர்கள் பலர் கூறக் கேட்டிருப்பீர்கள். மருந்தைப் பெற்றுக்கொண்டு வீடு திரும்பிய நோயாளிக்கு அடுத்த முப்பது நாளும் யார் துணை என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கண்டியிலிருந்து மகியங்கனை செல்லும் பெருந்தெருவில், விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டி அமைந்துள்ள ஊர் திகன. சிங்களவரும் முஸ்லிம்களும் தோட்டத் தமிழரும் அடுத்தடுத்து வாழும் இடம் அது. மூவர் வீட்டுக்கும் இந்நோய் வேற்றுமை பாராமல் வருகின்றது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நடந்த ஆய்வொன்று, இருபது வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருந்ததைக் கண்டது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்கு மேற்பட்டோர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். 2018, 2019ஆம் ஆண்டுகளில் வயதுவந்தோரிடையே நடந்த மற்றோர் ஆய்வில் அத்தொகை நூற்றுக்கு ஏறத்தாழ 23 ஆக உயர்ந்திருந்தது.

அரசாங்க வைத்தியசாலையில் மாதந்தோறும் கிளினிக் உண்டு, மாத்திரையும் இலவசம். 2011ஆம் ஆண்டு முதல் சுகவாழ்வு நிலையங்களில் இரத்தத்திலுள்ள சீனியையும் இரத்த அழுத்தத்தையும் இலவசமாகச் சோதித்தும் வருகின்றனர். ஏழை நாடொன்றில் இது சிறிய காரியமன்று. ஆயினும் ஒரு காலைப்பொழுதில் பெருங்கூட்டத்தைப் பார்க்க வேண்டிய வைத்தியர், ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்க இயலும். “சீனியைக் குறையுங்கள், நடவுங்கள், பாதத்தைக் கவனியுங்கள்” என்கிறார். அதையும் பெரும்பாலும் சிங்களத்தில் கூறுகிறார். தோட்டத்திலிருந்து வந்த முதியவர் தலையை அசைத்துவிட்டு வெளியே வருகிறார். தலையசைப்பு விளங்கியதற்கு அடையாளம் ஆகாது.

இத்தகைய இக்கட்டு நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில், மெக்சிக்கோ எல்லையை ஒட்டிய டெக்சாஸ் மாநிலத்து ஸ்டார் மாவட்டத்தில், ஸ்பானிய மொழி பேசும் மெக்சிக்க வழியினரிடையே நீரிழிவு மிகுதி. அங்கு 256 நோயாளர்களைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. அவர்தம் மொழியையும் உணவையும் நன்கறிந்த தாதியரும் உணவு நிபுணரும் ஊர்த் தொண்டர்களும் மூன்று மாதம் வாரந்தோறும் வகுப்பு நடத்தினர். பின்னர் ஆறு மாதம் இரு வாரத்திற்கொருமுறை ஒன்றுகூடிப் பேசச் செய்தனர். ஒவ்வொருவரும் உறவினரையோ நண்பரையோ துணைக்கு அழைத்துவந்தனர். ஆறு மாதத்தில், சீனியின் சில மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனையில், வகுப்புக்கு வந்தோர் அளவு வராதோரினும் 1.4 புள்ளி குறைந்திருந்தது. அப்போதும் அவர்களுடைய சராசரி பத்துக்கு மேலேயே நின்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். நோய் அகலவில்லை; பிடி சற்றே தளர்ந்தது. கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் காப்பதற்கு அத்தளர்ச்சியும் பெரிதே.

திகனயிலே இதற்கெனப் புதுச் சங்கம் ஒன்றைத் தொடங்க வேண்டுமா? வேண்டியதில்லை என்பேன். நம் ஊர்களிலும் தோட்டங்களிலும் மரண உதவிச் சங்கங்கள் உள்ளன. ஒருவர் இறந்தபின் கூடும் அந்த அயலாரே, அவர் உயிரோடிருக்கும்போது மாதத்தில் ஒரு மாலை கூடினால் என்ன?

கூடினால் பேசுவதற்குப் பொருளா இல்லை! குரக்கன் பிட்டு நீரிழிவுக்கு நல்லதென்று கேள்விப்பட்டு, சோற்றின் அளவுக்கு இருமடங்கு உண்பவர் உளர். குரக்கனும் மாப்பொருளே. தேநீருக்குச் சீனியை விட்டவர் பாணுக்கும் ரொட்டிக்கும் அளவு வைப்பதில்லை. தெபு இலைச் சம்பலும் பாகற்காயும் உண்ணலாம். அவற்றை நம்பி மாத்திரையை நிறுத்தலாகாது. நோன்பு நோற்க விரும்பும் முஸ்லிம் அன்பரும், விரதமிருக்கும் இந்து அன்பரும், மாத்திரையின் வேளையையும் அளவையும் பற்றி முன்கூட்டியே வைத்தியரைக் கேட்டல் வேண்டும். நோயுற்றோருக்கு மார்க்கம் அளிக்கும் சலுகையும் உண்டு.

அயலார் அறிந்திருக்க வேண்டியது இன்னொன்று. மாத்திரையோ ஊசியோ எடுப்பவருக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுத் தடுமாறினால் அது சீனி அளவுக்குமேல் குறைந்ததனால் இருக்கலாம். குடித்திருக்கிறார் என்றெண்ணி ஒதுங்கிப்போவோர் உண்டு. நினைவு தெளிவாக இருப்பின் மூன்று நான்கு தேக்கரண்டிச் சீனியை நீரிற் கரைத்து உடனே பருகக் கொடுங்கள். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாது வைத்தியசாலைக்கு விரைந்து கொண்டுசெல்லுங்கள்.

பாதத்தைப் பற்றியும் ஒரு சொல். உள்ளங்கால் மரத்துப்போனவருக்கு முள் தைத்ததும் தெரியாது, செருப்பு வார் உரசிய புண்ணும் தெரியாது. புண் அழுகிக் காலையே இழக்க நேர்ந்த பலருக்குத் தொடக்கம் இவ்வளவு சிறியதாகவே இருந்திருக்கும். கண் மங்கிய பாட்டியின் உள்ளங்காலை மாலைதோறும் பேரப்பிள்ளை ஒருமுறை பார்த்தால் போதும். அதற்கு எந்த மருத்துவப் படிப்பும் வேண்டியதில்லை.

முதற் கூட்டத்திற்குச் சிங்களமும் தமிழும் வாசிக்கத் தெரிந்த இளைஞர் ஒருவர் இருத்தல் நன்று. வருவோர் தத்தம் கிளினிக் கொப்பியைக் கொண்டுவரட்டும். வீட்டிற் சோறு சமைப்பவரையும் உடன் அழைத்துவரட்டும்.