கடைமடையில் பிறந்தவர் தலைமடைக்குப் போனார்
(பட்டுக்கோட்டைப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் ஊர்க்காரர் ஒருவர் தில்லியில் உச்சிக்குப் போனார் என்று ஐம்பது மேடைகளில் பேசியிருக்கிறோம். பேசிப் பேசி மகிழ்ந்திருக்கிறோம். ஆனால் போனவரிடம் ஒருநாளும் கணக்குக் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட அந்தக் கணக்கைத்தான் இன்றைக்கு இந்த மேடையில் எடுத்து வைக்கப் போகிறேன்.

பெரியோர்களே, நாம் கடைமடைக்காரர்கள். மேட்டூரில் ஜூன் 12ஆம் தேதி தண்ணீர் திறந்தார்கள் என்று பத்திரிகையில் படம் வருகிறது. மதகில் மலர் தூவுகிறார்கள். நான்கைந்து நாளில் தண்ணீர் கல்லணைக்கு வருகிறது. அங்கேயும் மலர் தூவுகிறார்கள். அதன்பிறகு அது கல்லணைக் கால்வாயில் இறங்க வேண்டும். தஞ்சாவூரைக் கடக்க வேண்டும். ஒரத்தநாட்டைத் தாண்ட வேண்டும். முறை வைத்து விடும்போது நம் முறை வர வேண்டும். அதற்குள் நாற்றங்கால் காய்ந்துவிடுகிறது. தலைமடைக்காரன் தண்ணீரைக் கண்ணால் பார்க்கிறான். கடைமடைக்காரன் தண்ணீரைச் செய்தியாகத்தான் கேட்கிறான். 1934இல் கால்வாய் வந்த நாளிலிருந்து நம் வாழ்க்கை இதுதான்.

இந்தக் கடைமடையில், அதிராம்பட்டினத்துக்குப் பக்கத்தில், கடற்காற்று அடிக்கிற ராஜாமடத்தில் 1910 டிசம்பர் 4ஆம் தேதி பிறந்தவர் ஆர். வெங்கட்ராமன். ராஜாமடத்துப் பிள்ளை திருச்சி தேசியக் கல்லூரிக்குப் போனார், சென்னை லயோலாவுக்குப் போனார், வழக்கறிஞர் ஆனார். 1942இல் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இரண்டு ஆண்டு சிறைப்பட்டார். தோட்டத் தொழிலாளிக்கும் துறைமுகத் தொழிலாளிக்கும் சங்கம் கட்டினார். 1946இல் மலேயாவில் வழக்கில் சிக்கிய இந்தியர்களுக்காக வாதாடக் கடல் கடந்தார். இதில் எதையும் நான் குறைக்க மாட்டேன். உழைப்பு உழைப்புதான், தியாகம் தியாகம்தான்.

பதவி ஆசை பாவம் என்று பேசவும் நான் வரவில்லை. ஆசை இல்லாதவன் அரசியலுக்கு வர மாட்டான். வந்தாலும் நிலைக்க மாட்டான். ஒருவர் மேலே ஏறுவது குற்றமில்லை. எந்த ஏணியில் ஏறினார், அந்த ஏணியைப் பிடித்திருந்தது யார், ஏறியபின் அவர் யாருக்குப் பதில் சொன்னார் என்பதுதான் கேள்வி.

ஏணியைப் பார்ப்போம். 1952இல் தஞ்சாவூர் மக்கள் வாக்களித்து அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1957இல் மறுபடியும் அனுப்பினார்கள். அந்த இடத்தை விட்டுவிட்டுச் சென்னையில் காமராசர் அமைச்சரவையில் அமர்ந்தார். பத்து ஆண்டு தொழில்துறையைக் கட்டினார். கிண்டித் தொழிற்பேட்டை எழுந்தது, அம்பத்தூர் எழுந்தது, தமிழ்நாடு தலைநிமிர்ந்தது. 1967இல் காங்கிரஸ் இங்கே ஆட்சியை இழந்தது. அவர் தில்லிக்குப் போய்த் திட்டக்குழு உறுப்பினர் ஆனார். 1977இலும் 1980இலும் தென்சென்னையில் வென்றார். நிதியமைச்சர், பாதுகாப்பு அமைச்சர், 1984இல் குடியரசுத் துணைத் தலைவர், 1987 ஜூலை 25இல் குடியரசுத் தலைவர்.

கவனித்தீர்களா தோழர்களே? ஏற ஏற வாக்காளர் குறைந்துகொண்டே வருகிறார்கள். முதல் படியில் தஞ்சாவூர் வயற்காட்டு மக்கள். நடுப்படியில் தென்சென்னை மக்கள். கடைசிப் படியில் எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் மட்டும். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யரை எதிர்த்து 7,40,148 வாக்கு மதிப்பில் வென்றார். அதில் உங்கள் கையில் மை வைத்த வாக்கு ஒன்றுகூட இல்லை. 1980க்குப் பிறகு அவர் எந்தக் குடிசை வாசலிலும் நின்று வாக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவருடைய தலைவர் காமராசரை எண்ணிப் பாருங்கள். 1963 அக்டோபர் 2இல் முதலமைச்சர் நாற்காலியை விட்டு இறங்கினார்; இறங்கியதால் உயர்ந்தார். இரண்டு பிரதமர்களைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்குப் போனார். அத்தனை பெரிய மனிதரையும் 1967இல் விருதுநகர் மக்கள் ஒரு மாணவத் தலைவரிடம் தோற்கச் செய்தார்கள். அது சரியா, தவறா என்று இன்றும் வாதாடுகிறோம். ஆனால் கணக்குக் கேட்கும் அதிகாரம் அன்று விருதுநகர்க்காரன் கையில் இருந்தது. ராஜாமடத்துக்காரர் விஷயத்தில் நம் கையில் என்ன இருந்தது?

இப்போது 1991க்கு வருகிறேன். அந்த ஒரே ஆண்டில் அந்த ஒரே பேனா இரண்டு கையெழுத்துப் போட்டது. இரண்டும் நம்மைப் பற்றியவை.

முதல் கையெழுத்து, ஜனவரி 30. காந்தியார் மறைந்த நாள். தமிழ்நாட்டில் சட்டமன்றத்தில் பெரும்பான்மையோடு இருந்த தி.மு.க. அரசு 356ஆவது பிரிவின்கீழ் கலைக்கப்பட்டது. ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்துவிட்டார். அரசியல் சட்டத்தில் ஆளுநர் அறிக்கையின் பேரிலோ வேறு வகையிலோ என்று ஒரு வாசகம் இருக்கிறது. அந்த ‘வேறு வகையில்’ என்ற ஓட்டை வழியாக ஒரு மாநிலத்தின் ஆட்சியே வெளியேற்றப்பட்டது. கலைக்கச் சொன்னது எந்த அரசு? காங்கிரசின் தோளில் நின்ற சந்திரசேகர் அரசு. அந்த அரசே ஐந்து வாரத்தில், மார்ச் 6இல், ராஜினாமா செய்தது. ஐந்து வாரத்துக்குமேல் தாங்காத அரசு, ஐந்து ஆண்டுக்கு மக்கள் தேர்ந்தெடுத்த அரசைத் தூக்கி எறிந்தது. அந்த உத்தரவில் கையெழுத்திட்டவர் நம் ஊர்க்காரர். 1980 தேர்தலில் காங்கிரசும் தி.மு.க.வும் கூட்டணி. தென்சென்னையில் அவருக்காகச் சுவரெழுதிய கைகளில் அந்தக் கட்சித் தொண்டனின் கையும் உண்டு.

நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கி இதைச் சொல்லவில்லை. அந்த ஆட்சி நல்லதா, கெட்டதா என்று தீர்ப்பளிக்க வேண்டியவர்கள் நீங்கள். தீர்ப்பு எழுதும் பேனா உங்களுடையது. அது உங்கள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது. இதே மனிதர் குடியரசுத் தலைவராக இருந்தபோது, 1988லும் இதே ஜனவரி 30இல் தமிழ்நாட்டில் ஜானகி அம்மையாரின் ஆட்சி கலைந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. மூன்றாண்டு இடைவெளியில் இரண்டு முறை.

“அமைச்சரவை சொன்னால் குடியரசுத் தலைவர் கையெழுத்துப் போட்டுத்தானே ஆக வேண்டும், அவர் என்ன செய்வார்?” என்று கேட்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருப்பீர்கள். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். 1978இல் வந்த 44ஆவது திருத்தம், மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஒருமுறை திருப்பி அனுப்பும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்திருக்கிறது. கேரளத்து உழவூரில் ஏழைக் குடிசையில் பிறந்த குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் 1997இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கச் சொன்ன பரிந்துரையைத் திருப்பி அனுப்பினார். 1998இல் பீகாருக்கும் அப்படியே செய்தார். ஒரு பரிந்துரை குஜ்ரால் அமைச்சரவையுடையது, இன்னொன்று வாஜ்பாய் அமைச்சரவையுடையது. இருவருக்கும் ஒரே பதில்தான். வானம் இடிந்து விழவில்லை.

நாராயணனை விடுங்கள். நம் வெங்கட்ராமனுக்கே மறுக்கத் தெரியும். அதே 1991இல், மக்களவை கலைவதற்கு முன் நாடாளுமன்றம் எம்.பி.க்களின் சம்பளம், ஓய்வூதியம் பற்றிய மசோதாவை அவசர அவசரமாக நிறைவேற்றியது. முறைப்படி முன்பரிந்துரை பெறவில்லை என்று அதற்கு ஒப்புதல் தராமல் நிறுத்தினார். பாராட்ட வேண்டிய செயல். அதனால்தான் கேட்கிறேன்: எம்.பி.க்களின் ஓய்வூதியத்துக்கு நின்ற பேனா, ஐந்தரைக் கோடித் தமிழர் தேர்ந்தெடுத்த ஆட்சிக்கு ஏன் ஒரு நாள் நிற்கவில்லை?

இரண்டாவது கையெழுத்து, ஜூலை 27. இது நமக்குச் சாதகமானது. அதையும் மறைக்க மாட்டேன். ஜூன் 25இல் காவிரி நடுவர் மன்றம் ஆண்டுக்கு 205 டி.எம்.சி. தண்ணீர் தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று இடைக்கால உத்தரவு போட்டது. சரியாக ஒரு மாதத்தில் கர்நாடகம் அதைச் செல்லாததாக்க அவசரச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டே நாளில் குடியரசுத் தலைவர் 143ஆவது பிரிவின்கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 22இல் உச்ச நீதிமன்றம், அந்த அவசரச் சட்டம் செல்லாது என்று சொன்னது. டிசம்பரில் உத்தரவு அரசிதழில் வந்தது. கடைமடையில் பிறந்தவர் தலைமடையில் உட்கார்ந்திருந்தபோது மடை ஒருமுறை திறந்தது.

இதைச் சொன்னவுடன் கை தட்டுகிறீர்கள். தட்டுங்கள். ஆனால் ஒன்றை யோசியுங்கள். இந்தக் கையெழுத்தும் நரசிம்ம ராவ் அமைச்சரவை சொல்லிப் போட்டதுதான். ஜனவரியில் போட்டது சந்திரசேகர் அமைச்சரவை சொல்லிப் போட்டது. அமைச்சரவை நீட்டிய இடத்தில் கையெழுத்திடுவதுதான் அவர் வேலை என்றால், ஜூலைக்காக நாம் ஏன் பெருமைப்பட வேண்டும்? ராஜாமடத்துக்காரர் இருந்த இடத்தில் ராஜஸ்தான்காரர் இருந்தாலும் அதே கையெழுத்துத்தானே விழுந்திருக்கும்? அவருக்குச் சொந்த மனம் உண்டு, சொந்த முடிவு உண்டு என்றால், ஜனவரிக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும். பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு பொறுப்பைத் தள்ளிவிட முடியாது.

சரி, அந்த நடுவர் மன்றம் எப்படி வந்தது? யாராவது பெரிய தலைவர் மனமிரங்கிக் கொடுத்ததா? இல்லை பெரியோர்களே. 1983இல் காவிரிப் பாசன விவசாயிகளின் சங்கம் ஒன்று உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. பதவி இல்லாத, கொடி கட்டிய கார் இல்லாத, சேற்றுக்கால் விவசாயிகள். ஏழு ஆண்டு வழக்காடினார்கள். தமிழ்நாடு அரசும் துணை நின்றது. 1990 மே 4இல் நடுவர் மன்றம் அமைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜூன் 2இல் மன்றம் அமைந்தது. அந்த விவசாயிகள் வழக்குப் போடாதிருந்தால் 1991இல் இடைக்கால உத்தரவு ஏது? உத்தரவு இல்லாமல் நம் ஊர்க்காரர் கையெழுத்திட எந்தக் காகிதம் அவர் மேசைக்கு வந்திருக்கும்?

மடை தானாகத் திறப்பதில்லை. தலைமடையில் யார் உட்கார்ந்திருந்தாலும், கடைமடைக்காரன் மண்வெட்டியோடு கரையில் போய் நின்றால்தான் திறக்கும். தொண்ணூறு ஆண்டு வாய்க்கால் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடத்தை வாக்குச் சாவடியில் மறந்துவிடுகிறோமே, ஏன்?

நம் ஊரைப் பாருங்கள். நிதியமைச்சரைக் கொடுத்த வட்டம் இது. முதல் குடிமகனைக் கொடுத்த வட்டம் இது. இங்கிருந்து மாவட்டத் தலைநகர் தஞ்சாவூருக்கு நேராக ஒரு ரயில் உண்டா? திருவாரூரைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தஞ்சாவூர் – பட்டுக்கோட்டை ரயில் பாதையை நம் அப்பன்மார் கேட்டார்கள், நாம் கேட்கிறோம், நம் பிள்ளைகளும் கேட்கப் போகிறார்கள். 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நம் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டதே, இருபது ஆண்டு வளர்த்த மரம் வேரோடு கிடந்ததே, அன்றைக்குத் தெரிந்தது தில்லி எவ்வளவு தூரம் என்று. ஊர்க்காரர் ஒருவர் போய்ச் சேர்ந்ததால் அந்தத் தூரம் குறையவில்லை.

ஆகவே தோழர்களே, அடுத்த முறை ஒருவர் வருவார். மண்ணின் மைந்தன் என்பார். உங்கள் வீட்டுப் பிள்ளை தில்லியில் பெரிய நாற்காலியில் உட்கார வேண்டாமா என்பார். மாலை போடுங்கள், மரியாதை செய்யுங்கள். போட்டபின் உட்கார வைத்துக் கேளுங்கள். மாநில ஆட்சியைக் கலைக்கும் காகிதம் உன் முன்னால் வந்தால் என்ன செய்வாய்? காவிரி உத்தரவை மீறுகிறவர்களோடு உன் கட்சி கைகோத்தால் உன் நாற்காலியா, எங்கள் நாற்றங்காலா? தஞ்சாவூர் ரயிலுக்கு எந்த ஆண்டுக்குள் பணம் ஒதுக்க வைப்பாய்? வாய்ச்சொல்லாக வேண்டாம்; எழுதி வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இதே ஊரில், இதே போல் ஒரு கூட்டத்தில் வந்து நின்று பதில் சொல்லச் சொல்லுங்கள். வராதவர் எவ்வளவு உயரம் போனாலும் நமக்கு அயலூர்க்காரர்தான்.

முடிக்கிறேன். இந்த ஊர் தன் பெயரை எடுத்து யாருக்குச் சூட்டியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 1938இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைவரை படை நடத்திப் போனாரே, அவர் பட்டுக்கோட்டை அழகிரி. உழைக்கிறவனுக்காகப் பாட்டெழுதி இருபத்தொன்பது வயதில் மறைந்தாரே, அவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். ஒருவரும் மந்திரி இல்லை. ஒருவரும் நாற்காலி கண்டதில்லை. மக்கள் தாமாக ஊர்ப்பெயரை அவர்கள் பெயருக்கு முன்னால் வைத்தார்கள், அவர்கள் நம் பக்கத்திலேயே நின்றதால். ஐந்து ஆண்டு இந்தியாவின் முதல் குடிமகனாக இருந்தவரை நாம் இன்றுவரை ஆர்.வி. என்றுதான் சொல்கிறோம்.

நாளை இங்கிருந்து தில்லிக்குப் போகிறவர் தன் பெயருக்கு முன்னால் பட்டுக்கோட்டை என்று போட்டுக்கொள்ள ஆசைப்படட்டும். அந்த ஆசையை நான் வாழ்த்துகிறேன். ஆனால் அந்தப் பெயரைக் கொடுக்கும் உரிமை கடைமடையில் உட்கார்ந்திருக்கும் உங்களுடையது. கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள்.