மன்னிப்புக் கேட்டும் ஏன் ஆறலை? ஷாங்காயில் ஒரு ஃபேஷன் ஷோ ரத்தான கதை

இன்னைக்கு ஒரு வீடியோவில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஒரு சீன மாடல், பளபளன்னு டிசைனர் உடை. முன்னாடி ஒரு பெரிய பீட்சா, கையில சாப்ஸ்டிக்ஸ். எப்படி எடுத்துச் சாப்பிடுறதுன்னு தெரியாம முழிச்சுக்கிட்டு சிரிக்கிறாங்க. பின்னணியில ஒரு ஆண் குரல், குழந்தைக்குச் சொல்லித் தர்ற மாதிரி பாடம் எடுக்குது. அடுத்த வீடியோவில் ஸ்பகெட்டி. இன்னொண்ணுல கனோலின்னு ஒரு இத்தாலிய இனிப்பு. 'இது உனக்கு ரொம்பப் பெருசா இருக்கோ?'ன்னு அந்தக் குரல் கேட்கும்போது அது எந்த அர்த்தத்தில் வருதுன்னு விளக்க வேண்டியதில்லை.

2018 நவம்பர். டோல்ச்சே அண்ட் கபானா என்ற இத்தாலிய பிராண்ட், ஷாங்காயில் நடத்த இருந்த பிரம்மாண்டமான ஷோவுக்காகப் போட்ட விளம்பரம் இது. உலகத்தில் விற்கிற ஆடம்பரப் பொருட்களில் மூணுல ஒரு பங்கை சீனர்கள்தான் வாங்கிக்கிட்டு இருந்த சமயம். அவங்ககிட்ட விற்கப் போறப்போதான் இந்த நையாண்டி.

நானும் கொஞ்ச நாள் ஒரு விளம்பரக் கம்பெனியில் இருந்தவன். இந்த மாதிரி ஐடியா எப்படி வெளியே வருதுன்னு கொஞ்சம் தெரியும். "சும்மா ஜாலிக்குத்தானே, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க"ன்னு ஒருத்தர் சொல்வார். மத்தவங்க தலையாட்டுவாங்க. நானும் ஆட்டியிருக்கேன். அதனால விளம்பரம் எடுத்ததைக்கூட முட்டாள்தனம்னு விட்டுடலாம். அதுக்கப்புறம் நடந்ததுதான் விஷயம்.

எதிர்ப்பு கிளம்பினதும் சீனாவின் வெய்போ தளத்திலிருந்து வீடியோக்களை எடுத்துட்டாங்க. ஆனா இன்ஸ்டாகிராமில் டயட் பிராடா என்ற பக்கம் சில ஸ்கிரீன்ஷாட்களைப் போட்டது. பிராண்டின் நிறுவனர்களில் ஒருவரான ஸ்டெஃபனோ கபானாவின் அக்கவுண்டில் இருந்து போன தனி மெசேஜ்கள். அதில் சீனாவைப் பற்றி இங்கே திருப்பிச் சொல்ல முடியாத வசவுகள். அதைவிட முக்கியமான ஒண்ணும் இருந்தது: வீடியோவை எடுத்தது ஆபீஸ்காரங்க செஞ்ச வேலை, என் விருப்பம் இல்லைன்னு.

உடனே கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? அக்கவுண்ட் ஹேக் ஆயிடுச்சு! கபானாவும் அந்த ஸ்கிரீன்ஷாட் மேலேயே 'நான் இல்லை'ன்னு பெருசா எழுதிப் போட்டார்.

நம்பினவங்க குறைவு. ஜாங் ஸீயி மாதிரி பெரிய நடிகர்கள் விலகினாங்க. பிராண்டின் முகமா இருந்த சீன நட்சத்திரங்கள் ஒப்பந்தத்தை முறிச்சாங்க. நவம்பர் 21-ம் தேதி, மேடை ஏற சில மணி நேரமே இருக்கும்போது ஷோ ரத்து. டீமால் போன்ற ஆன்லைன் கடைகளில் அந்த பிராண்டே காணாமல் போச்சு.

அப்புறம்தான், 23-ம் தேதி, மன்னிப்பு வீடியோ. டோல்ச்சேவும் கபானாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இறுகின முகத்தோட இத்தாலிய மொழியில் பேசுறாங்க. கடைசியில் சீன மொழியில் 'துய்புச்சி', அதாவது மன்னிச்சிடுங்கன்னு சொல்றாங்க. ஒன்றரை நிமிஷம்கூட இல்லை. ஹேக் பற்றி அதில் பேச்சே இல்லை. ஹேக் ஆனது உண்மைன்னா அதைச் சொல்லணும், பொய்ன்னா அந்தப் பொய்யையும் சேர்த்து மன்னிப்புக் கேட்கணும். ரெண்டும் இல்லாம கேட்ட மன்னிப்பு, நின்னுபோன வியாபாரத்துக்காகக் கேட்டதுன்னுதான் பலருக்கும் பட்டது. எனக்கும்.

சில மாசத்துலயே இன்னொரு இத்தாலிய பிராண்ட் மாட்டியது. 2019 பிப்ரவரியில் கூச்சியோட 890 டாலர் கறுப்பு ஸ்வெட்டர். கழுத்துப் பகுதியை மூக்கு வரை இழுத்துவிட்டால், வாய் இருக்கிற இடத்தில் ஒரு ஓட்டை, சுத்தி தடிமனான சிவப்பு உதடு. அமெரிக்காவில் வெள்ளைக்காரங்க முகத்தில் கரியைப் பூசிக்கிட்டு கறுப்பின மக்களைக் கேலி செஞ்ச பழைய மேடைக் கூத்து அப்படியே கண் முன்னாடி வரும். கூச்சி அதை விற்பனையிலிருந்து எடுத்து மன்னிப்புக் கேட்டது. அதோட முடியலை. அவங்களோட சேர்ந்து வேலை செஞ்சுக்கிட்டிருந்த ஹார்லெம் டிசைனர் டாப்பர் டான், பொறுப்புக் கூறல் இல்லாம யாரையும் உள்ளே சேர்த்துக்கிட்டதா சொல்ல முடியாதுன்னு வெளிப்படையாகவே கண்டிச்சார். கூச்சியோட தலைமை அதிகாரி மார்கோ பிட்சாரி ஹார்லெமுக்கே போய் உட்கார்ந்து பேசினார். பிறகு 50 லட்சம் டாலர் நிதி, ஃபேஷன் படிக்க உதவித்தொகை, இதுக்குன்னே ஒரு தனிப் பொறுப்பாளர்னு அறிவிப்புகள் வந்தன. இதிலும் வியாபாரக் கணக்கு இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா காயப்பட்டவங்க இருக்கிற இடத்துக்குப் போய், அவங்க பேசுறதைக் கேட்க வேண்டியிருந்தது. கேமரா முன்னாடி உட்கார்ந்து வாசிச்சுட்டுப் போறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கா இல்லையா?

சரி, ஷாங்காய் கதைக்கு ஒரு பாக்கி இருக்கு. மன்னிப்புக் கேட்ட அடுத்த வருஷம், 2019-ல், டோல்ச்சே அண்ட் கபானா மிலான் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குப் போட்டது. யார் மேல? ஸ்கிரீன்ஷாட் போட்ட டயட் பிராடா மேல. அந்தப் பக்கத்தை நடத்தினது ரெண்டே பேர். கேட்ட நஷ்ட ஈடு, கம்பெனிக்கு 30 லட்சம் யூரோ, கபானாவுக்குத் தனியா 10 லட்சம். 2021 மார்ச்சில் அந்த ரெண்டு பேரும் சொல்லித்தான் இது வெளி உலகத்துக்கே தெரிஞ்சது.